சித்திரை மாதத்துச் சால்வை

சித்திரை வெயிலில் கோயமுத்தூரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்த வேளையில், அழகிரிசாமி மட்டும் மார்பு மறைய ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு டாக்டர் ஆமினாவின் அறைக்குள் நுழைந்தான். பீளமேட்டில் பம்ப் பட்டறை வைத்திருக்கிற நாற்பது வயசு ஆள். பின்னாலேயே அவன் பெண்டாட்டி ரங்கநாயகி வந்தாள்.

"என்ன அழகிரி, குளிர் காய்ச்சலுங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பம்ப் சங்கத்துல போர்த்துன சால்வை. ஒரு மரியாதைக்குப் போட்டிருக்கறனுங்க."

"பத்து நாளா தூங்கறப்பக்கூட அந்த மரியாதையைக் கழட்டறதில்லீங்க டாக்டரம்மா" என்றாள் ரங்கநாயகி.

அவன் பிரச்சினை தலையில் இருந்தது. அதாவது, தலையில் ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினை. போன தை மாதம் மச்சினிச்சி கல்யாணத்தில் வீடியோக்காரன் அடித்த லைட் இவன் உச்சந்தலையில் பட்டுத் தெறித்து, தாலி கட்டுகிற காட்சியே வெள்ளையடித்துப் போய்விட்டது. மாமனார் வீட்டில் அந்தக் கேசட்டை டெக்கில் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரித்தார்கள், பாவிகள்.

வருகிற ஆவணியில் மச்சினன் கல்யாணம். அதற்குள் முடி முளைக்காவிட்டால் மண்டபத்துப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தான். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தான். அந்தியூர்ச் சந்தையில் எவனோ விற்ற எண்ணெயைத் தடவினான். தலையணை நாறியதுதான் மிச்சம்.

"நாந்தான் தையிலயே சொன்னனுங்களே" என்றார் டாக்டர். "இது உங்கப்பா வழியில வந்த வழுக்கை. ஆம்பளை ஹார்மோன் உச்சியில இருக்கற முடி வேரைச் சுருங்க வெச்சிரும்."

"பொம்பளைங்களுக்கு அது கம்மி, பொம்பளை ஹார்மோன்தான் ஜாஸ்தி, அதனால அவங்க உச்சித்தலை தப்பிச்சுக்குதுன்னும் சொன்னீங்க. ஒரு வார்த்தைகூட நான் மறக்கிலீங்க."

"அப்புறம் என்னங்க?"

"என்னவா? இங்க பாருங்க அநியாயத்தை!" என்று ரங்கநாயகியின் பின்னலைத் தூக்கிக் காட்டினான். மெய்தான், முழங்கை மொத்தத்துக்கு இருந்தது. "ஒரே ஊடு, ஒரே சிறுவாணித் தண்ணி, ஒரே தேங்காண்ணெய். எனக்குக் கொட்டிட்டே இருக்குது, இவளுக்கு மட்டும் ரெண்டு மூணு மாசமா காடாட்டம் மண்டுது. எதையோ ஒளிச்சு வெச்சுத் தடவறாளுங்க. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க!"

"உடுங்க பின்னலை!" என்று பிடுங்கிக்கொண்டாள் ரங்கநாயகி. "அடுப்பை அணைச்சனா, மாத்திரை தின்னனான்னே எனக்கு ஞாபகம் நிக்கறதில்லை. இதுல எண்ணெயை வேற ஒளிச்சு வெக்கறனாக்கும்! சொந்தப் பெண்டாட்டி முடியைப் பாத்து வயிறெரியற மனுசனை எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு முன்ன எப்பவாச்சும் இப்படி முடி அடர்ந்திருக்குதுங்களா?"

"ரெண்டு பிரசவத்துக்கும் இப்படித்தானுங்க. வயித்துல இருக்கற வரைக்கும் நல்லா மண்டும். பொறந்து மூணாம் மாசம் கொத்துக் கொத்தாக் கொட்டிரும்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. "சித்தெ அந்தக் கட்டில்ல படுங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் போனவர் சிறிது நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எண்ணெயும் இல்லை, மண்ணும் இல்லை. மூணு மாசம் தாண்டியாச்சு. வயித்துல குழந்தை இருந்தா பொம்பளை ஹார்மோன் பொங்கும், விழ வேண்டிய முடிகூட விழாம நிக்கும். இனிப்பு வாங்குங்க அழகிரி."

அழகிரிசாமி சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டான்.

"இருக்கவே இருக்காதுங்க!" ரங்கநாயகி சேலையைச் சரிசெய்துகொண்டு பாய்ந்து வந்தாள். "ரெண்டே போதும்னு, ஊட்டுக்கு வர்ற நர்சம்மா குடுக்கற மாத்திரையை இல்லீங்களா தின்னுட்டிருக்கறேன்! நாள் தள்ளிப்போனதைக்கூட மாத்திரையாலன்னு நெனச்சு உட்டுட்டேன்."

"ஒரு நாளும் உடாம தின்னீங்களா?"

"தின்னாமயா அட்டை காலியாகுது? ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிப்போட்டு வந்து அட்டையை எடுத்தா, அன்னிக்கு மாத்திரை இருக்கறதில்லீங்க. சரி, அப்பவே தின்னுபோட்டு மறந்துட்டம்னு படுத்துக்குவேன். தினமும் இதே கதைதான்."

"அந்த மாத்திரையில இருக்கறதே பொம்பளை ஹார்மோன்தானுங்க. தின்னிருந்தா இது நடந்திருக்காது" என்றார் டாக்டர். "நீங்க தின்னலை, ஆனா அட்டை காலியாகுது. ஊட்டுல எலி கிலி இருக்குதுங்களா?"

ரங்கநாயகி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். வழுக்கையிலிருந்து வேர்வை ஓடி அவன் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

அழகிரிசாமி எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். பிறகு சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டான். மார்பு புடைத்துச் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் போடமுடியாமல் திறந்து கிடந்தன.

"டாக்டரம்மா, நிறுத்திப்போட்டா இது இறங்கிருமுங்களா?"