பட்டறையைப் பார்க்க வந்தவர்

சிந்தாதிரிப்பேட்டையில் மின்சாரக் கம்பெனிக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுக்கும் லாரன்ஸ், காலையிலிருந்து பட்டறை வாசலிலேயே நின்றார். கழிவு எங்கே போகிறது, ஆட்களை எப்படி நடத்துகிறார் என்று பார்க்க கம்பெனி அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால்தான் அடுத்த ஆர்டர்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கியதும், லாரன்ஸ் அவரைக் கையோடு உள்ளே அழைத்துப்போனார்.

"வெட்டி மிஞ்சுன தோல கூவத்துல கொட்றதே இல்ல சார். சாவிக்கொத்து செய்றவங்களுக்குக் குடுத்துடறோம்."

"சிக்கனமான குடும்பம்" என்றார் வந்தவர்.

"சின்னப் பசங்கள வேலைக்கு வெக்கிறதில்ல."

"வயசு விஷயத்துல நாங்களும் கண்டிப்புதான்."

"யாரையும் மெரட்டி வேல வாங்கறதும் இல்ல சார்."

"எங்க வீட்லயும் அப்படித்தான். பாதி சமையல் பையனே செஞ்சிடுவான்."

லாரன்ஸ் விழித்தார். "எந்தப் பையன் சார்?"

"உங்க பொண்ணு கயலுக்குப் பாத்திருக்கிற பையன்தான். உங்க வீட்டம்மா இன்னைக்கு வரச் சொன்னாங்களே?"

லாரன்ஸ் மாடி வீட்டுக்கு ஓடினார். அங்கே கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எதிரில் லாரன்ஸின் மனைவி அந்தோணியம்மாள்.

"எங்க பொண்ணு வேலைக்குப் போவா. நீங்க தடுக்கக் கூடாது."

"தாராளமா போகட்டும்மா" என்றார் அதிகாரி. "பதினெட்டு வயசு முடிஞ்சிதா, அது மட்டும் சொல்லுங்க."