ஒன்பது வருஷத்தில் முதல் தடவை

"ஃபியூஸைப் பிடுங்கினது நீதானே?"

பம்புசெட் மெக்கானிக்கின் சட்டைக் காலரை டிரைவர் விடுவதாக இல்லை. சேறும் ஆறும் தாண்டி, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களுக்கெல்லாம் வைத்தியம் சுமந்துபோகும் வண்டி அவருடையது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. இன்று சாவியைத் திருப்பினால் முனகக்கூட இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியில் நகத்தளவு சிவப்பு ஃபியூஸ் ஒன்றைக் காணோம்.

"சத்தியமா நான் இல்லண்ணே! வீட்டுக்குள்ள பொண்டாட்டி வலியில துடிக்கிறா. எனக்கு இப்ப ஃபியூஸா முக்கியம்?"

"அதாண்டா! வண்டி போயிட்டா டாக்டரம்மாவும் போயிடுவாங்க. உன்னை விட்டா இந்த ஊர்ல எவனுக்கு இந்த வேலை தெரியும்?"

நியாயமான சந்தேகம்தான். ஓர் ஊரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மேலதிகாரிகளின் உத்தரவு. டாக்டரம்மா போனில் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "வண்டி ரிப்பேர்னா மட்டும் நில்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கோ நாலு மணி நேரம். அந்தக் குண்டும் குழியுமான பாதையில் தலைப்பிரசவக்காரியை ஏற்றினால் தாயும் பிள்ளையும் உயிரோடு போய்ச் சேருவார்களா என்பதே சந்தேகம்.

நல்லவேளை, டிரைவர் சாவியைத் தொடுவதற்கு முன்பே நர்ஸ் பிரசவப் பெட்டியை வீட்டுக்குள் இறக்கி வைத்திருந்தாள்.

"வேணும்னா ஃபியூஸுக்குப் பதிலா கம்பி வச்சுக் கட்டிக் கிளப்பித் தரட்டுமாண்ணே?"

"எதுக்கு? என் வண்டியைக் கொளுத்தவா?"

டிரைவருக்கும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் வண்டியின் நாடி நரம்பையெல்லாம் காட்டிப் பாடம் எடுத்துவிடுவார். "இந்தப் பொடிசைப் பிடுங்கினாப் போதும், இவ்ளோ பெரிய யானையும் படுத்துடும்!" என்பதுதான் அந்தப் பாடத்தின் உச்சகட்டம். இந்தப் பயலும் ஒரு நாள் கேட்டிருப்பான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து, ஊரையே கூப்பிடுவதுபோல, 'வீல்' என்று ஓர் அழுகை.

காலரைப் பிடித்திருந்த கை தானாக முதுகைத் தட்டியது. மெக்கானிக் டிரைவரின் இரண்டு கன்னத்திலும் கிரீஸ் கையோடு முத்தம் வைத்தான். "திருட்டுப் பயலே, அப்பனாயிட்டியேடா!" என்று டிரைவர் அவனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். வரிசையில் நின்ற சர்க்கரை நோயாளிகளும் மூட்டுவலிக்காரர்களும் விசிலடித்தார்கள். ஒருவர் ஊன்றுகோலை மேலே வீசிவிட்டு அது இல்லாமலே ஆடினார். டிரைவர் வண்டிக்குள் பாய்ந்து ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினார். நல்லவேளை, அது வேலை செய்தது.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பொண்ணு. மூணு கிலோ. தாயும் சுகம். கிளம்பலாமாண்ணே?"

"எப்படிக் கிளம்புறது டாக்டரம்மா? இந்தத் திருடன்தான் ஃபியூஸைக் குடுக்க மாட்டேங்கிறானே!"

டாக்டரம்மா கோட்டுப் பையில் கைவிட்டு, சிவப்பாக எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பிடுங்கத்தான் சொல்லிக்குடுத்தீங்க, திருப்பி மாட்டச் சொல்லிக்குடுக்கலையேண்ணே!"