காது முடிச்சு

கையிலிருந்து இரத்தம் வழிய வழிய ராக்கம்மா அந்த இரும்புக் கேட்டை உதைத்தாள். அம்பிட்டிய ஊரின் அந்த லேன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"வெளிய வாங்க வீட்டுக்கார நோனா! குப்பை பொறுக்குறவளுக்கும் ரத்தம் செவப்பாத்தான் இருக்குன்னு வந்து பாத்துட்டுப் போங்க!"

பிள்ளைகளைப் பக்கத்து நேசரிப் பள்ளிக்கு அழைத்துவந்த தாய்மார் அப்படியே நின்றார்கள். கேட் திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டபடி பஸ்லினா எட்டிப் பார்த்தாள்.

"என்னத்துக்குக் கத்துற? என்ன நடந்த?"

"ஒடஞ்ச கண்ணாடிய அப்படியே நீலப் பையில போட்டு லைட் போஸ்ட்டுக்குக் கீழ வச்சிருக்கீங்களே! பூனைக்கு மீன் போடுறப்போகூட முள்ளப் பாத்துத்தானே போடுவீங்க? எங்க கைக்கு மட்டும் கண்ணாடியா?"

"அல்லாஹ்வே! அது எங்கட பை இல்ல. கண்ணாடி ஒடஞ்சா நான் பேப்பரில சுத்தி வேறயாத்தான் வெக்கிற. போன பெருநாளைக்கு நீங்க தானே எடுத்துப் போனீங்க? சரி சரி, உள்ளுக்கு வந்து கையக் கழுவுங்க."

"ஒங்க தண்ணி ஒண்ணும் வேணாம்!"

பஸ்லினா சொன்னது உண்மை. அதுவே ராக்கம்மாவின் கோபத்தை இன்னும் கிளப்பியது. வெட்டு உள்ளங்கையின் குறுக்கே ஆழமாக இறங்கியிருந்தது. போத்தல் பிரிப்பதும் நசுக்குவதும் மூட்டை கட்டுவதும் இந்த வலது கைதான். இது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் அசட்டையானவள் இல்லை. எந்தப் பையையும் முதலில் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். இன்று அப்படிச் செய்யாததற்குக் காரணம், அந்தப் பையில் இருந்த முடிச்சு.

காட்போட் பெட்டியும் பழைய இரும்பும் எடுக்கும் ஜெயராஜ் எப்போதும் அவளுக்கு முன்னால் போவான். பார்த்து முடித்த பையின் வாயை, ஒற்றைக் காது மேலே நிற்கிற மாதிரி கட்டி வைப்பான். கண்ணாடி இல்லை, ஊசி இல்லை, தைரியமாகக் கையை விடலாம் என்று அதற்கு அர்த்தம். தன்னோடு சாக்குத் தூக்கிய எல்லோருக்கும் ராக்கம்மா முதலில் பழக்கியது அந்த முடிச்சைத்தான்.

மேலே ரோட்டிலிருந்து ஜெயராஜின் தள்ளுவண்டி கடகடவென்று இறங்கி வந்தது.

"டேய்! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? கண்ணாடி இருக்குற பைக்கு எதுக்குடா காது வச்ச?"

"நான் எங்கக்கா வச்சேன்?" வண்டியில் கிடந்த பழைய ஃபிரிட்ஜை அவன் தட்டிக் காட்டினான். "விடிஞ்சதுலருந்து இந்தச் சனியனோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். இந்த லேனுக்குள்ள இப்பத்தான் காலே வைக்கிறேன்."

"பொய் சொல்லாத! இந்த முடிச்சு நம்ம ஆளுகளத் தவிர வேற எவனுக்குடா தெரியும்?"

"என் முடிச்ச நம்பலேன்னா நாளைலருந்து தனியாப் போய்க்க." ஜெயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் ராக்கம்மா நேசரி வாசலைப் பார்த்தாள். ஆளுக்கொரு பக்கமாய் இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்திருக்க, இஸ்திரி போட்ட சேலையில் நின்றாள் சிந்துஜா டீச்சர். ராக்கம்மாவின் மகள்.

மகளுக்கு இந்த டீச்சர் வேலை கிடைத்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. "அந்த லேனுக்கு மட்டும் வராதீங்கம்மா. புள்ளைகளோட அம்மாமாரு பாத்தா என் மானம் போயிரும்."

"அந்த லேன்ல பொறுக்கித்தாண்டி ஒன்னப் படிக்க வச்சேன். லீவு நாள்ல நீயுந்தான் எங்கூடச் சாக்குத் தூக்குன. வெக்கமா இருந்தா நீ மூஞ்சத் திருப்பிக்க!"

கடைசியில் அப்படித்தான் ஆனது. தெருவில் கண்டால் தாயும் மகளும் யாரோ எவரோ. இப்போதும் ராக்கம்மா தலையைக் குனிந்துகொண்டு, இரத்தக் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அம்மா!"

சிந்துஜா ஓடி வந்தாள். பிள்ளைகளை வாசலிலேயே விட்டுவிட்டு, சேலை தடுக்கத் தடுக்க ஓடி வந்தாள்.

"எங்கட டீச்சர்ட உம்மாவா இவ?" ஒரு தாய் பக்கத்தில் நின்றவளிடம் குசுகுசுத்தாள்.

ராக்கம்மா நிமிர்ந்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அம்மா என்று கூப்பிட்டுவிட்டாளே! அந்த எரிச்சல், அந்த ஆத்திரம், எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"அழாதடி. எல்லாரும் பாக்குறாங்க. ஒண்ணும் இல்ல, சின்ன வெட்டுத்தான்."

சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்துத் தாயின் உள்ளங்கையைச் சுற்றினாள்.

"எவளோ ஒரு படுபாவி வேணுமின்னே வச்சிருக்கா," ராக்கம்மா பல்லைக் கடித்தாள். "வச்சவ கை வெளங்காமப் போக!"

சிந்துஜா கைக்குட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

மணிக்கட்டின் மேல் ஒற்றைக் காது நிமிர்ந்து நின்றது.

ராக்கம்மா அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"குச்சியால கிளறி, கண்ணாடியப் பாத்துட்டு இந்த லேனுக்கே வராம இருப்பீங்கன்னுதாம்மா வச்சேன்... காது, பழக்கத்துல கையே போட்டிருச்சு."