சராசரிக்கு மேல்

போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

ஜீப்பின் பின்சீட்டில் அவள். முன்சீட்டில் மேற்பார்வையாளர் தனசிங். நடுவில், கியருக்குப் பக்கத்தில், அவருடைய போன்.

அவர் போட்ட எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் கணக்கெடுத்துவிட்டு வந்த முப்பிடாதி வீட்டில் இருப்பது ஒரே போன். அது புருஷனின் சட்டைப்பையில் இருக்கும்.

எண்ணைக் கேட்டுப் பதிந்தவளே அவள்தான். குடும்பநலக் கணக்கெடுப்பில் பதில் சொல்லும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் வேண்டும். விதி.

யாரும் எடுக்கவில்லை.

“திரும்பப் போடுதேன். எடுக்காமலா போயிருவான்?”

காலையிலிருந்தே அவருக்கு அவள்மேல் கடுப்பு. ‘கணவர் அடித்ததுண்டா’ என்ற கேள்விக்கு குழுவின் மற்ற பெண்கள் கொண்டுவருவதில் பத்துக்கு இரண்டோ மூன்றோ ‘ஆம்’ இருக்கும். இவள் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல். மேலிடத்திலிருந்து கூப்பிட்டு, உங்கள் குழுவில் ஒருத்தி மட்டும் சராசரியை விட்டு எங்கேயோ நிற்கிறாளே என்று கேட்டுவிட்டார்கள்.

“ஊர்ல உள்ள பொம்பளைய எல்லாம் உன்கிட்ட மட்டும் வந்து ஒப்பாரி வைக்காளுவளோ? டீக்கடையில உக்காந்து நீயே டேப்லெட்ல தட்டிவிட்டிருக்க.”

 

மற்றவர்கள் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுல்லா?” என்று கேட்பார்கள். எந்தப் பெண் உண்டு என்பாள்?

அவள் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு முப்பிடாதி பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள். இலையை வெட்டினாள், தூளை வைத்தாள், சுருட்டினாள். கையால் அடிப்பாரா? ஆமா. பெல்ட்டால்? ஆமா. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அடித்தாரா?

அங்கேதான் கை நின்றது.

வெளியே பைக் சத்தம் கேட்டதும், கேள்வி கேட்டவள் அதே கணக்கெடுப்பில் உள்ள உப்புச் சோதனைக்குத் தாவினாள். பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆள் வந்தால் பேச்சை மாற்று.

புருஷன் உள்ளே வந்தபோது கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பு இருந்தது. அதன்மேல் மருந்து ஒரு சொட்டு விட்டாள். நீலமாயிற்று.

“நல்ல உப்புதானா?” என்று கேட்டான். சிரித்த முகம்.

“அயோடின் இருக்குண்ணே. நல்ல உப்புதான்.”

வாசல்வரை வந்த முப்பிடாதி குரலை இறக்கினாள். “வெளிய தெரியாதுல்லா?”

“சத்தியமா தெரியாதுக்கா.”

சத்தியம் செய்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“சார், அவங்க வீட்டுக்காரர்தான் எடுப்பாரு.”

“எடுக்கட்டும். அன்னைக்கு ஒரு பொண்ணு வந்து, புருஷன் அடிப்பானான்னு உங்க வீட்ல கேட்டுச்சான்னு விசாரிக்கப் போறேன். கேட்டுச்சுன்னா நீ தப்பிச்ச. உனக்கு என்ன பயம்?”

அந்தக் கேள்வியைப் போனில் கேட்கக்கூடாது என்பதும் விதிதான். விதி அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது விதி அல்ல.

முன்னால் தெரிந்த அவருடைய சிவந்த காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுபடி மணி.

“அலோ.” உப்பைப் பற்றிக் கேட்ட அதே குரல். “யாரு பேசுதது?”

தனசிங் தொண்டையைக் கனைத்தார்.

“அந்த ‘ஆம்’ நான் போட்டதுதான் சார்,” என்றாள் அவள், அவர் காதருகே குனிந்து.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“நானேதான் போட்டேன். அந்தக்கா ஒண்ணும் சொல்லல. கட் பண்ணுங்க.”

“அலோ? அலோ?”

அவர் விரல் திரையைத் தொட்டது. குரல் நின்றது.

அவர் முகத்தில் கோபம் இல்லை. தன் கணக்கு தப்பவில்லை என்ற சந்தோஷம் இருந்தது.

“இது ஒண்ணுதானா?”

இது ஒன்றுதான் என்றால் அடுத்த எண்ணைப் போடுவார். அதுவும் எவனாவது ஒருத்தனின் சட்டைப்பைதான்.

“எல்லாமே சார்.”

“அப்படி வா வழிக்கு.”

டேப்லெட்டை வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். இதுவரை வேலை பார்த்ததற்குச் சம்பளம் கிடையாது என்றார். திரும்ப ஆள் அனுப்பிக் கேட்க இனி நேரம் ஏது? ‘ஆம்’ இருந்த இடத்தில் ‘இல்லை’யைத் தொட்டார். சிலதை மட்டும், பார்வைக்கு, விட்டுவைத்தார்.

ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அந்த வட்டாரத்துப் புருஷன்மார் நல்லவர்கள் ஆனார்கள்.

“இப்பத்தான் நம்புற மாதிரி இருக்கு.”

போன் அடித்தது.

அதே எண். பாதியில் நின்ற அழைப்பு என்னவென்று கேட்க அவனே கூப்பிடுகிறான்.

“நீயே பேசிக்கோ,” என்றார் தனசிங். டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பச்சையை இழுத்துவிட்டார். ஸ்பீக்கர் அப்படியே இருந்தது.

அவள் குரலை மாற்றிக்கொண்டாள். “ராங் நம்பர்ணே. மன்னிச்சுக்கோங்க.”

“ராங் நம்பரா? ரெண்டு தடவயா?”

அவனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், “யாருங்க அது?” என்று கேட்டது.

“உனக்கென்னட்டி? நீ எவன்னு நெனச்ச?”

தட்டு விழுந்து உருளும் சத்தம். பிறகு பெல்ட் கொக்கியின் சத்தம். பிறகு முப்பிடாதியின் சத்தம்.

அவன் போனை அணைக்க மறந்திருந்தான்.

தனசிங்கின் விரல் டேப்லெட் திரைமேல் நின்றது. முப்பிடாதியின் பதில்கள்தான் திறந்திருந்தன, இன்னும் ‘ஆம்’ என்று.

அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டி ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு ‘இல்லை’யைத் தொட்டார்.