காகிதப் பூனை
லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ஒரு தெருவில் வங்கி பறித்த வீடுகளின் ஜன்னல்களுக்கு நகரக் கவுன்சில் பலகை அடித்து, மேலே படம் ஒட்டியிருக்கிறது: வெள்ளைத் திரை, சிவப்புப் பூந்தொட்டி, தூங்கும் பூனை. தெரு பாழானது வெளியே தெரியக்கூடாதாம். காலை வெயிலில் வீட்டுக்கு வீடு ஒரே பூனை தூங்குகிறது. இப்போது கவுன்சில் ஆள் பிரவின் அதே பூனையோடு ரஜனியின் ஜன்னலுக்கு வந்து நிற்கிறான்.

"நாளைக்கு வீடு பாங்குக்குப் போகுதுதானே அக்கா. இண்டைக்கே அடிச்சுப்போட்டுப் போறன்."

உள்ளே கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த ரஜனி, அகப்பையைக் கீழே வைக்காமலே ஜன்னலை அகலத் திறக்கிறாள்.

"நாளைக்கு வா தம்பி. இண்டைக்கு இஞ்ச ஆள் இருக்கு."

நெடி தெருவுக்குப் பாய்கிறது. பிரவின் தும்முகிறான், கண் எரிய, பலகையைக் கட்டிப்பிடித்தபடி பின்வாங்குகிறான். ரஜனி இன்னொரு பிடி மிளகாயை அள்ளிச் சட்டியில் போடுகிறாள்.