இரண்டு விரல் சந்து

"இன்னும் கொஞ்சம் நெருங்கி குந்தும்மா. நடுவுல ஒரு கட்டுமரமே போவும் போல கீது!"

கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துச் சலித்துக்கொண்டார் போட்டோக்கார ஹுமாயூன் பாய்.

பெஞ்சின் ஒரு முனையில் காக்கி உடுப்பும் தலைப்பாகையுமாக ஜெயவேல். மறு முனையில் சொக்கம்மாள். மீன் கூடையைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். இருவருக்கும் பின்னால், துணியில் வரைந்த ஓர் அரண்மனை. ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து மாடியில் இருந்த அந்த அரண்மனைக்கு முன்னால் உட்காராமல் கப்பல் ஏறிய சிப்பாய் குறைவு. ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு பாயின் தாடியைவிட வேகமாக வளர்ந்தது அவருடைய வியாபாரம்தான்.

"இதுவே போதும் பாய். நீ புடி" என்றாள் சொக்கம்மாள்.

"நான் புடிச்சிடுவேன். பாக்கறவன், ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்ல குந்திகினு கீறாங்கன்னு நெனப்பான். ஒரு சாண் வுட்டு குந்து."

"ஒரு முழம்."

"அரே! புருசன் நாளைக்கு பஸ்ராவுக்குக் கப்பல் ஏறப் போறான். இன்னிக்குப் போய் முழம் போடறியே!"

"ஏறட்டும். நானா வேணாம்னேன்?"

"சரி, நாலு விரல்."

"ஒரு சாண். நீ கேட்டதுதானே?"

"அது அப்ப. இப்ப வெளிச்சம் போய்கினு கீது, வெல மாறிடுச்சி. ரெண்டு விரல்."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். எதையோ மனசுக்குள் அளப்பவள் போல யோசித்தாள்.

"ரெண்டுன்னா ரெண்டு. அதுக்கு மேல ஒரு நூல் நகர மாட்டேன்."

வாங்குகிறவர் இழுக்க, விற்கிறவள் பிடிவாதம் பிடிக்க, சரக்கு மட்டும் காது சிவக்கக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நைனா, உன்னத்தான். நிமிரு. இப்டி வெக்கப்படற ஆளு பட்டாளத்துக்கு எப்டி போன? புடிச்சிகினு போய்ட்டாங்களா?"

"இல்ல பாய், நானாத்தான் பேரு குடுத்தேன்" என்றான் ஜெயவேல். "ஆர்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தேன். பெரிய மைதானத்துல கவாத்து நடந்துச்சி. எல்லாரும் ஒண்ணா கால எடுத்து வச்சானுங்க. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தனா இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணிச்சி."

"நல்லாக் கீதா?"

"பகல்ல நல்லாக் கீது. சாயங்காலம்தான் பேஜாரு. பட்டாள லயனுக்குத் திரும்பினா அவனவன் தகரப் பெட்டியத் தொறப்பான். மூடிக்கு உள்பக்கம் பொஞ்சாதி படம் ஒட்டி வச்சிருப்பான். பாத்து சிரிப்பான். ஒருத்தன் சண்டையே போடுவான். நானும் என் பெட்டியத் தொறப்பேன். பூட்ஸ் பாலிஷ் டப்பாதான் என்னைப் பாக்கும். எவ்ளோ நாளு பாய் அதுங்கிட்ட பேசறது? நாளைக்குக் கப்பல்ல போறப்ப என் பெட்டியிலயும் ஒரு மூஞ்சி இருக்கணும்."

சொக்கம்மாள் முதல் தடவையாக அவன் பக்கம் நன்றாகத் திரும்பினாள். தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கையை நீட்டி அதை நேராக்கினாள். அடுத்த நொடியே சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆங்! அப்டித்தான்" என்றார் பாய். "புள்ளைங்க எத்தினி?"

இரண்டு பேருமே தரையைப் பார்த்தார்கள். பாய்க்கு நாக்கு நீளம்தான். ஆனால் எந்த இடத்தில் சுருட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த நாக்கு. பேச்சை மாற்றினார்.

"சரிம்மா, கொஞ்சம் சிரி. எழவு வூட்டுக்கு வந்தாப்ல குந்தாத. தூர தேசத்துல இவன் பாக்கப் போற மூஞ்சி இது."

"சிரிப்பு வரணுமே பாய்."

"வர வைக்கறேன். உன் வூட்டுக்காரன் பேரச் சொல்லு."

"அய்ய! நாங்க புருசன் பேர வாயால சொல்றதில்ல. தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதான் கேக்கறேன். சொல்லு, சொல்லு!"

அவள் கண்ணுக்குள் யாரோ வந்து நின்றாற்போல் இருந்தது. கன்னம் சிவந்தது. உதட்டைக் கடித்தும் அடங்காமல் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஆடாதீங்க!" பாய் காமிரா மூடியைத் திறந்து மூடினார். "ஜோரு! ராத்திரி வந்து வாங்கிக்க, நைனா."

கண்ணாடித் தட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொக்கம்மாள் எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு படிவரைக்கும் போனவள், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தா பாருய்யா. மீன் வாங்க வந்த எடத்துல கெஞ்சின, மனசு கேக்காம வந்தேன். பேசின பேச்சு மாறக்கூடாது. பஸ்ராவுல என் வூட்டுக்காரரப் பாக்கற வரைக்கும்தான் படம் முழுசா உனுது. பாத்துட்டா என் பாதிய அவராண்ட குடுத்துடணும். கத்திரிக்கோல் போறதுக்குத்தான் அந்த ரெண்டு விரல் சந்து. பட்டாளத்துக்குப் போறப்ப அவரும் இந்த மாடிக்குக் கூப்ட்டாரு, நான்தான் வெக்கப்பட்டு ஓடிட்டேன்."

"கண்டிப்பா குடுக்கறேம்மா. அவரு பேரு இன்னா?"

இருட்டறைக் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சின்னப்பையன்" என்றாள், கலியாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக.