பொய்ப்புள்ளி

ஜெயசீலன் வடிவமைத்த எக்ஸ்ரே சென்சார், மூளைக்குள் ஒரு நினைவு மின்னி மறைவதற்குள் அதைப் படமெடுத்துவிடும். ‘நாய்ஸ்’ எனும் பொய்ப்புள்ளி ஒன்றுகூட அதில் விழாது. புதுச் சென்சாரை முதலில் வீட்டு ஆளை உட்காரவைத்துப் பார்ப்பது அந்த லேபின் வழக்கம். மனைவி எஸ்தர் வந்து உட்கார்ந்தாள்.

தெரிந்த முகங்களின் படங்களாகக் காட்டிக்கொண்டே வந்தவன், அவளோடு கல்லூரியில் படித்த ரூபனையும் நடுவில் செருகியிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்த பெயர் அது.

ஜெயசீலனின் சொந்த முகத்துக்கு நாலைந்து நினைவுப் புள்ளிகள் மினுங்கின. ரூபன் முகத்துக்குப் புள்ளிகள் நிறைந்து திரையே வெளுத்தது.

“இது நாய்ஸ்,” என்றான் அவசரமாக. “சென்சார் இன்னும் செட் ஆகல.”

எஸ்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாய்ஸே இல்லன்னு நேத்துதானே கேக் வெட்டினீங்க?”